சூடான மெஷின் வெடிக்காது

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் பின்னால், இரண்டு லொறி நிறுத்தலாம் போல ஒரு துண்டு மண் கிடந்தது. அதைக் கிண்டுவதற்கு இவர், என் கணவர், பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய உழவு மெஷின் வாங்கி வந்தார். பெற்றோலில் ஓடுகிற, கையால் தள்ளுகிற சின்னது. மண்வெட்டி போதாதா என்று நான் வாய் ஓயாமல் ஏசினேன். கிளிநொச்சியில் வயலை விட்டு ஓடி வந்த மனிதருக்கு இயந்திரச் சத்தம் கேட்டால்தான் சோறு இறங்கும் போலிருந்தது.

அதை ஸ்டார்ட் பண்ணுவது ஒரு பூசை. ஒயில் பார்ப்பார். கத்திகளில் கல்லோ கம்பியோ சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பெற்றோல் கானை இறுக்கி மூடித் தூரத்தில் வைப்பார். கத்திகள் தானாகச் சுற்றாதபடி கிளச் விட்டிருக்கிறதா என்று மறுபடியும் பார்த்து, சோக்கை இழுத்து, காலை அகட்டி நின்று கயிற்றை இழுப்பார். இவ்வளவு செய்தும், குளிர்ந்து கிடந்த மெஷின் சில காலைகளில் சைலன்சரில் ஒரு வெடி வெடித்துவிட்டுத்தான் ஓடத் தொடங்கும்.

கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். தமிழன் வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரலாமா? அதனால் இந்தப் பூசைக்கு முன்னால் இன்னொரு பூசை. அக்கம்பக்கத்து கேற்றுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, அரைகுறைச் சிங்களத்தில் “மெஷின் எக்க, பய வென்ன எப்பா” என்பார். மெஷின்தான், பயப்பட வேண்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பயந்து சாகிறவர்கள் நாங்கள், ஆறுதல் சொல்வதும் நாங்களா?

ஒரு நாள் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கேற்றைத் திறக்கவில்லை. இவர் தட்டிப் பார்த்துவிட்டு வந்து கயிற்றை இழுத்தார். அன்றைக்கென்று பெரிய வெடி. உழுது முடித்து மெஷினை நிறுத்திக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பொலிஸ் ஜீப் வந்தது.

சப்பாத்துக் காலோடு குசினி வழியாகப் பின்னுக்குப் போனார்கள். பெற்றோல் கானைக் கண்டதும் முகங்கள் மாறின. இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சத்தம் அதிலிருந்துதான் வந்தது என்று நாடியால் மெஷினைக் காட்டினார். அப்படியென்றால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டு என்றார் அதிகாரி. துவக்குகள் இவருடைய நெஞ்சுக்கு நேரே இருந்தன. மெஷின் வெடித்தால் பதறிச் சுட்டுவிடுவார்கள். வெடிக்கக்கூடாது, வெடிக்கக்கூடாது என்று குசினி வாசலில் நின்று எனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன்.

“மாத்தயா, சத்தம் வரும். பய வென்ன எப்பா” என்றார் இவர். அந்த நிலையிலும் ஒயில் பார்த்தார். கத்திகளைப் பார்த்தார். கிளச்சைப் பார்த்தார். பிறகு இழுத்தார். ஒரே இழுவையில் மெஷின் நல்ல பிள்ளையாக ஓடத் தொடங்கியது.

“கோ சத்தே?” என்றார் அதிகாரி. சத்தம் எங்கே?

சற்று முன்தான் ஓடிய மெஷின், சூடாக இருக்கிறது, சூடான மெஷின் வெடிக்காது, கொஞ்சம் ஆறட்டும், திரும்ப இழுத்துக் காட்டுகிறேன். இவர் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதற்குரிய சிங்களம் இவரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. இருந்திருந்தாலும் ஒரு மெஷின் ஆறும்வரை யார் காத்திருக்கப் போகிறார்கள்? பெற்றோல் கானோடு இவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

அன்று உழுத மண்ணில் நான் நட்ட கத்தரி காய்த்து முற்றிய பிறகுதான் விட்டார்கள். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. என்ன செய்தார்கள் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

இனி அந்தக் கயிற்றை இழுக்க ஆளில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் மெஷினை வாங்க வந்தார். ஒயிலும் பார்க்கவில்லை, ஒரு மண்ணும் பார்க்கவில்லை, சோக்கை முழுக்க இழுத்துவிட்டு வெடுக்கென்று கயிற்றை இழுத்தார். காகங்கள் கலைந்து பறக்க வெடித்தது.

“சனியனே, அண்டைக்கு வெடிச்சிருக்கக்கூடாதோ” என்று வந்தவருக்கு முன்னால் கத்தி அழுதேன். வெடிக்க வேண்டாமென்று வேண்டியவளும் நான்தான்.

பக்கத்தில் நின்ற இவரைக் காணவில்லை. முன்பக்கம் ஓடினேன். எதிர்வீட்டு கேற்றை இடது கையால் தட்டிக்கொண்டு நின்றார். யாரும் திறக்கவில்லை. “பய வென்ன எப்பா” என்று மூடிய கேற்றுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.