கிராணியின் சிலுவாரும் ஆறு வோல்ட் பேட்டரியும்

1. பெரட்டுக்களத்தில்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மலை வேலையை மேற்பார்த்துக் கணக்கெழுதும் வெளிக்காட்டு கிராணி தாமோதரம் ஐயா ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு வந்து நின்றவர்களின் பேர் வாசித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். நிமிர்ந்தபோது அவருடைய காக்கிக் காற்சட்டையின், எங்கள் பேச்சில் சிலுவாரின், இடது கால், முழங்காலுக்குக் கீழே நெடுக்கக் கிழிந்து, கொடியில் காயப்போட்ட துணி போல ஆடியது.

கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். அன்றைக்கு இருந்த பனியில் மலையே தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். லாரியைக் கிளப்பிக் கொடுப்பதற்காக அன்று பெரட்டுக்களத்தில் நின்றேன்.

கிராணிக்கு உடுப்பு என்றால் உயிர். கஞ்சி போட்டு, மடிப்பு கலையாத சிலுவார்தான் போடுவார். அப்படிப்பட்டவர் கிழிந்த காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "டோபியக் கூப்பிடு" என்றார்.

டோபி அங்கமுத்து வந்தார். தோட்டத்து மேனேஜர் துரை வீட்டிலிருந்து கிராணிமார் வீடுவரை எல்லாருக்கும் துணி வெளுப்பவர் அவர்தான்.

"இது மூணாவது சிலுவார். என்னா போட்டு வெளுக்குற?"

"சவுக்காரமும் கஞ்சியும்தாங்க ஐயா."

"பிளீச்சிங் பவுடர் போடுற. தேய்க்கச் சோம்பேறித்தனம்."

"தொர சிலுவாரும் அதே தொட்டியிலதான் ஐயா வெளுக்குறேன். அதுல ஓட்டை விழலையே."

"தொரைன்னா உனக்குப் பயம். என் துணின்னா இளக்காரம்."

மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றார் அங்கமுத்து. "சூடம் கொளுத்தினா என் சிலுவார் திரும்பி வருமா?" என்று கேட்டுவிட்டு, கிராணி நேராக துரையிடம் போனார். மாதக் கடைசிக்குள் வேறு டோபி பார்ப்பது என்று முடிவாயிற்று. தோட்டத்தில் வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அங்கமுத்துவின் மனைவி அன்று மாலையே சட்டிபானைகளைக் கோணிச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார்.

வொர்க்‌ஷாப்பில் நாங்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னோம். எலி கடித்தது என்றார் லாரி டிரைவர். கங்காணி, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார். சிலுவாருக்குப் போய் யார் செய்வினை வைப்பார்கள் என்று கேட்டதும் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். நான் பிளீச்சிங் பவுடர் கட்சி.

2. பேட்டரி வாங்கிய விதம்

இதற்குச் சில வாரம் முன்னால்தான் கிராணியின் மோட்டார் சைக்கிளுக்குப் பேட்டரி மாற்றியிருந்தது. அந்தக் காலத்துச் சின்ன மோட்டார்களில் பேட்டரி செத்தாலும் கிக் ஸ்டார்ட்டில் இஞ்சின் ஓடும். ஹெட்லைட்டும் எரியும். ஹார்னும் சிக்னலும்தான் வேலை செய்யாது. எங்கள் மலைப்பாதையில் ஹார்ன் இல்லாமல் போவது ஆபத்து. பனி இறங்கினால் வளைவில் எதிரே வரும் கொழுந்து லாரி முகத்துக்கு நேரே வந்தபிறகுதான் தெரியும்.

ஹார்ன் இல்லாததில் கிராணியைவிடக் கொழுந்து பறிப்பவர்களுக்குத்தான் அதிகக் கஷ்டம். தனலெட்சுமி என்ற பெண் வொர்க்‌ஷாப் வாசலுக்கே வந்து முறையிட்டார்.

"அண்ணே, அவரு மோட்டாருக்கு ஹார்னு சரி பண்ணிக் குடுங்கண்ணே. பூனை மாதிரி வந்து பின்னால நிக்கிறாரு. ஒரு வெத்தல போட முடியல."

பழைய பேட்டரியைச் சார்ஜில் போட்டுப் பார்த்தேன். போட்ட சார்ஜ் மறுநாளே இறங்கிவிட்டது. உள்ளே ஒரு செல் ஷார்ட். இனி அதற்கு வைத்தியம் கிடையாது. கிராணியிடம் சொன்னேன்.

"ஐயா, புதுசு வாங்கப் போறப்ப இந்தப் பழசக் கையோட கொண்டு போங்க. ஆறு வோல்ட்டான்னு பாருங்க. அளவு பாருங்க. பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம்னு பாருங்க. முக்கியமா, ட்யூப் மாட்டுற மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க."

இளைஞர்களுக்காக இதை விளக்க வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது உள்ளே கேஸ் கிளம்பும். குலுக்கலில் ஆசிட்டும் கொஞ்சம் தெறிக்கும். அது வெளியே போகத்தான் பக்கவாட்டில் அந்த மூக்கு. அதில் ஒரு ரப்பர் ட்யூப் மாட்டி, இஞ்சினுக்கும் செயினுக்கும் எட்டாமல் மோட்டாரின் அடிவரை இறக்கி விட்டிருப்பார்கள். ஆசிட் சொட்டினால் ரோட்டில் சொட்டும்.

கிராணி பழைய பேட்டரியைக் கொண்டு போகவில்லை. தானா ராத்தா டவுனில் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருந்த பாய், சரியான பேட்டரியைத்தான் எடுத்து வைத்தாராம். கிராணி பக்கத்திலிருந்த பெரியதைக் காட்டி, "பெருசா இருந்தா ஹார்ன் பெருசா அடிக்கும்லா" என்று அதை வாங்கி வந்துவிட்டார். இரண்டு ஸ்க்ரூவுக்கு எதற்கு வொர்க்‌ஷாப் என்று வீட்டிலேயே மாட்டியும்விட்டார். ஹார்ன் நன்றாக அடித்தது. மலையில் வெற்றிலை போடுவது பழையபடி நடந்தது. நானும் அதை மறந்துவிட்டேன்.

3. என் சிலுவார்

பெரட்டுக்களத்துச் சண்டை நடந்த வாரத்தில் ஃபேக்டரி மிஷினுக்கு ஒரு பெல்ட் அவசரமாகத் தேவைப்பட்டது. வேன் வெளியே போயிருந்தது. கிராணி அரை மனதோடு மோட்டாரைக் கொடுத்தார். தானா ராத்தா போய்ப் பெல்ட் வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சரசு துணி துவைத்துவிட்டு, ஈரச் சிலுவாரோடு வீட்டுக்குள் வந்தாள். இடது காலில் இருந்த ஓட்டை வழியாக அவளுடைய விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னாங்க, எந்த முள்ளுக்காட்டுல போயி விழுந்தீங்க?"

"எங்கயும் விழல. அழுக்குக்குப் போடுறப்ப நல்லாத்தான் இருந்திச்சு."

"தண்ணியில போட்டதும் பொத்துப்போச்சு. கிராணி சிலுவார் மாதிரியே."

அவள் சும்மா சொன்ன வார்த்தைதான். அங்கமுத்து என் துணியைத் தொட்டதே இல்லை. அந்தச் சிலுவாருக்குப் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று, கிராணி மோட்டாரில் ஏறியது. உடனே கிராணி வீட்டுக்குப் போய் மோட்டாரின் பக்கமூடியைக் கழற்றினேன்.

பேட்டரி பெட்டிக்குள் சரியாக உட்காராமல் சாய்ந்திருந்தது. மூக்கு மறுபக்கத்தில் இருந்ததால் ட்யூப் எட்டவில்லை. எட்டாத ட்யூபைக் கழற்றிப் போட்டிருந்தார். மூக்கு ஓட்டுகிறவரின் இடது காலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. சுற்றிலும் பெயிண்ட் உரிந்திருந்தது. ஆசிட் பட்ட துணி காய்ந்திருக்கும்போது நன்றாகவே தெரியும், நனைத்துக் கசக்கினால்தான் பொத்துப்போகும். உள்ளே தண்ணீர் அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

"ஐயா, இதுல என்னா ஊத்தினீங்க?"

"ஆசிட்தான். போத்தல்ல மிச்சம் இருந்திச்சு."

"முதல் தடவைதான் ஆசிட். அதுக்கப்புறம் டிஸ்டில் வாட்டர் மட்டும்தாங்க ஊத்தணும். அதுவும் கோட்டுக்கு மேல போகக்கூடாது."

"தண்ணி ஊத்தினா பவர் கொறைஞ்சிடும்லா."

என் சிலுவாரைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது யாரு வெளுத்தது?"

"என் சம்சாரம்."

"அப்ப உன் சம்சாரமும் பிளீச்சிங் பவுடர் போடுது."

இதை நான் சரசுவிடம் சொல்லவில்லை. அங்கமுத்துவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன்னுடைய வெள்ளை வேட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு துரையிடம் போனார்.

"தொர, இதக் கிராணி எடது கால்ல கட்டிக்கிட்டு ஒரு நாள் மோட்டார் ஓட்டட்டும். அப்புறம் அவரே வெளுக்கட்டும். நான் தொடவே மாட்டேன்."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே செய்யச் சொல்லிவிட்டார்.

4. தொட்டியடியில்

மறுநாள் முழுவதும் கிராணி இடது காலில் வெள்ளைக் கட்டோடு தோட்டத்தைச் சுற்றினார். பார்த்தவர்கள் எல்லாரும் விழுந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் காய்கறிக் கடைச் சீனர் காயத்துக்குப் போடும்படி ஒரு தைலப் போத்தலே கொடுத்தனுப்பினார்.

அதற்கு அடுத்த நாள் வேலை முடிந்ததும் டோபித் தொட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கிராணி கட்டைப் பிரித்தார். துணி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. தூக்கி எல்லாருக்கும் காட்டினார். அங்கமுத்துவின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

கிராணி துணியை நனைத்து, சவுக்காரம் போட்டார். அவருக்குத் துவைத்துப் பழக்கம் இல்லை. துணியின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் தடவினார்.

"நல்லாக் கசக்குங்க ஐயா. அதுல சோம்பேறித்தனம் கூடாது" என்றார் அங்கமுத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

கிராணி கசக்கினார். முதலில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தது. பிழிவதற்காக முறுக்கியபோது துணி இரண்டாக வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததுபோல இரண்டு கையிலும் ஒவ்வொரு துண்டு. கிராணி குனிந்து இடது கெண்டைக்காலைச் சொறிந்தார். பிறகு சொறிந்த இடத்தையே கொஞ்சநேரம் பார்த்தார்.

"ரெண்டு வாரமா இங்க ஒரே அரிப்பு. அட்டைக்கடின்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

பிறகு கூட்டத்தைப் பார்த்து, "டோபி மேல தப்பு இல்ல. பேட்டரி மேலதான் தப்பு" என்றார்.

அங்கமுத்து அசையவில்லை. "பேட்டரி வந்து ஐயாகிட்ட மோதலையே. ஐயாதானே போயி வாங்கிட்டு வந்தீங்க."

கிராணி ஈரக் கையை எதில் துடைப்பது என்று தெரியாமல் நின்றார். "சரி. என் மேலதான் தப்பு அங்கமுத்து. மனசுல வச்சிக்காத" என்றார். அங்கமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். அவருடைய மனைவி வேகமாக லயத்துக்கு நடந்தார். சாக்கை அவிழ்க்க வேண்டுமே.

அந்த வாரமே நானும் கிராணியும் பாய் கடைக்குப் போய் சரியான பேட்டரியை வாங்கினோம். ஆசிட் பட்ட இடத்தை ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவினேன். புது பேட்டரியின் மூக்கில் இருந்த அடைப்பு மூடியை எடுத்துவிட்டு நிதானமாகச் சார்ஜ் போட்டு, கேஸ் அடங்கும்வரை விட்டேன். மூக்கில் புது ட்யூப் மாட்டி, எங்கும் மடங்காமல் அடிவரை இறக்கினேன். டெர்மினலில் கிரீஸ் தடவினேன். அந்த பேட்டரி பல வருஷம் உழைத்தது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். பேட்டரி வாங்கினாலும் மாட்டினாலும், வோல்ட்டைப் பார்க்கும் முன்னால் ட்யூப் எங்கே போகிறது என்று பார்ப்பேன். ஒருவர் மேல் பழி வருகிறபோது, பழி சொல்பவர் எதில் ஏறி வந்தார் என்பதையும் பார்ப்பேன்.

கிராணியும் கற்றுக்கொண்டார். மாதம் ஒருமுறை தண்ணீர் அளவு பார்க்க மோட்டாரை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருவார். வரும்போது மேலே கஞ்சி போட்ட சட்டை, கீழே பழைய கைலி.

"ட்யூப்தான் போட்டாச்சே ஐயா, சிலுவார் போட்டே வரலாமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"உன்ன நம்புறேன் செல்வம்" என்றார், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே. "பேட்டரியத்தான் நம்பல."