உரப்பையில் வைத்த புகைக்குழாய்

ஓமந்தையிலிருந்து தவமணி அக்காவின் மகள் அழைத்தபோது நான் அடுப்பிலிருந்து பருப்பை இறக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, அம்மா மோசம் போயிட்டா" என்றாள். அன்றைய சமையலை முடித்து அனுப்பிவிட்டுத்தான் அழுதேன். அக்கா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அச்சிடும் நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னார்கள். நம் மாதர் சங்கத்துப் பெண்களே, அக்காவின் கவனக்குறைவால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு நாள் பட்டினி கிடந்தார்கள் என்று உங்களில் பலர் இன்றும் நம்புகிறீர்கள். அது பொய். அந்தப் பொய்யோடு அவரை வழியனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எரிவாயு கிடைக்காமல் திண்டாடிய காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் சங்கத்துக் குசினிக்கு இரும்பு விறகடுப்பு வந்தது உங்களுக்குத் தெரியும். அதன் பொறுப்பு அக்காவுக்கு. தணல் தட்டு, கதவுப் பிணைச்சல், தகரப் புகைக்குழாய் என்று எல்லாவற்றிலும் மேலதிகமாக வாங்கி வைத்திருந்தார். வாங்கியதை அடுப்பில் பூட்டி ஒரு நாள் எரித்துப் பார்த்த பிறகே எடுத்து வைப்பார். "போட்டுப் பாக்காத சாமானை நம்பி உலை வைக்கேலாது" என்பார். பிறகு துருப் பிடிக்காதிருக்க உழவு இயந்திரத்தின் கழிவு ஒயிலைப் பூசி, பழைய சாரத் துணியில் சுற்றி, கூரை மரத்தில் கட்டித் தொங்கவிடுவார். அவற்றுக்கு நாங்கள் வைத்த பெயர் 'அக்கான்ரை வௌவாலுகள்'. அவரும் சிரிப்பார். ஆனால் ஒயில் என் சேலையில் சொட்டிய நாட்களில் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

மகளின் பிரசவத்துக்காக அக்கா ஒரு மாதம் ஓமந்தைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சுகாதாரப் பரிசோதகர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. குசினி துப்புரவாகத் தெரிய வேண்டும் என்று, நான் தனியாக நின்று கூரையில் தொங்கிய இரண்டு புகைக்குழாய்களையும் இறக்கினேன். சவர்க்காரம் போட்டு ஒயிலைக் கழுவினேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த உரப்பையில் போட்டுக் கட்டி விறகுக்குப் பின்னால் தள்ளினேன். நெல், தேங்காய், பழைய உடுப்பு எல்லாம் உரப்பையில் வைத்தே பழகிய கை. தையலோரம் ஒட்டியிருந்த உரத்தூளை நான் தட்டக்கூட இல்லை.

அக்கா திரும்பி வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "எங்கையடி என்ரை குழாய்?"

"பத்திரமாக் கிடக்கு அக்கா."

"ஒயில் துடைக்கேல்லைத்தானே?"

"இல்லையக்கா."

என் சொல்லை நம்பினார். போய்ப் பார்க்கவில்லை.

மாரிக்காலம் பிறந்தது. ஒரு காலை உலை கொதிக்கும் நேரத்தில் அடுப்பின் புகைக்குழாய் அடியோடு அறுந்து விழுந்தது. குசினி முழுக்கப் புகை, கண் திறக்க முடியவில்லை. பத்தரைக்குச் சாப்பாடு வாகனத்தில் ஏற வேண்டும். "ஓடிப்போய்க் குழாயை எடுத்துக்கொண்டு வா!" என்று அக்கா கத்தினார். ஓடிப்போய்ப் பையை அவிழ்த்தேன். உரமும் ஈரமும் சேர்ந்து தகரத்தைத் தின்றிருந்தன. முதல் குழாய் என் கையிலேயே அப்பளம்போல நொறுங்கியது. இரண்டாவதை அக்கா இழுத்தெடுத்தார். அதிலும் ஓட்டைதான். அவர் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வெளியிலை அடுப்புக் கல்லு வையுங்கோ, மேலை படங்கைக் கட்டுங்கோ" என்று மட்டும் சொன்னார். மழைக்குள் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே ஈர விறகோடு மல்லுக்கட்டிச் சோறு வேகும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் விசாரணை. அந்தப் பையில் என் கணவருடைய பெயரின் முதலெழுத்துகள் நீல மையில் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. நெல் குத்தும் மில்லில் மாறிவிடக் கூடாது என்று நாம் எல்லோரும் எழுதுவதுதான். அதை மேசையில் போட்டால் என் கதை முடிந்தது. கணவருக்கு வேலை இல்லை, வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்கா பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உட்புறத்தை வெளியே திருப்பியிருந்தார்.

"சாமான் ஆரின்ரை பொறுப்பு?" என்று தலைவி கேட்டார்.

"என்ரை பொறுப்பு."

"எல்லாம் தெரிஞ்ச நீங்கள் ஏன் உரப்பையிலை வைச்சனீங்கள்?"

நான் வாய் திறக்கவில்லை. "பிழை விட்டிட்டன்" என்றார் அக்கா. அன்று பின்னேரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள்.

உண்மையைச் சொல்லவென்று இரண்டு தடவை, அவர் மகளோடு போய் இருந்த ஓமந்தைக்குப் போனேன். இரண்டு தடவையும் தேத்தண்ணி குடித்து, பேரனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திரும்பினேன். அவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. நான் கோழை. அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவருடைய மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் மகளிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அவருடைய வேலை. அவரை நிறுத்திய மறுநாள் அடுப்புப் பொறுப்பை என்னிடம்தான் தந்தீர்கள். நான் வாங்கிக்கொண்டேன்.