காது கிழிந்த யானை

பலமனேரைத் தாண்டிக் காட்டோரத்தில் ஒரு மண்டபம். பயணிகளுக்காக அந்தக் காட்டைப் பற்றிய குறும்படம் ஓடுகிறது. மூடுபனி படர்ந்த மலை, அருவி, பிறகு ஆற்றில் குளிக்கும் யானைகள். எல்லோரும் செல்போனைத் தூக்குகிறோம். மகளிர் குழுவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கன்னியம்மா மட்டும் விறைத்துப்போகிறார். பக்கத்து ஊரில் தக்காளி பயிரிடுகிறவர்.

“அந்தக் காது கிழிஞ்ச ஆனைதாம்மா எங்க ஊட்டுக்காரர மிதிச்சிடுச்சி. தோட்டத்துல காவலுக்கு இருந்தோம்.”

செல்போனைக் கீழே இறக்குகிறேன். “வெளியே போயிடலாமா?” என்கிறேன்.

“வேணாம்மா. அன்னிக்கி இருட்டுல காதுதான் தெரிஞ்சிது. இப்பதான் முழுசா பாக்கறேன்.”

திரையில் அந்த யானை, கரையேற முடியாமல் சறுக்கும் குட்டியைத் தும்பிக்கையால் மேலே தள்ளிவிடுகிறது. மண்டபமே கைதட்டுகிறது.

கன்னியம்மா கைதட்டவில்லை. “குட்டி வச்சிக்கினு இருந்தியா நீ?” என்று திரையைப் பார்த்து மெல்லக் கேட்கிறார்.