நாற்பத்தொன்றில் ஏழு

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் என்னென்ன விழும் என்பது எனக்குத் தெரியும். மிக்சர், நகம், தலைமுடி, இரும்புத்தூள். ஒரு தடவை பாதி கடித்துப் பூஞ்சை பிடித்த பிஸ்கட் கூட விழுந்தது. டெஸ்பாட்ச் பகுதியில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் எவனோ பாக்கை மென்று துப்பியிருந்தான். துப்புவதற்கு அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க இடம் கிடக்கிறது. அவன் கண்ணில் பட்டது அந்தப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த நான்கு விரற்கடைதான். ஏழு முறை துடைத்தேன். கறை போகவில்லை.

எனக்கு எழுபத்தொரு வயது. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன், கடைசிப் பத்தொன்பது வருடம் கம்ப்யூட்டர் பிரிவில். இப்போது சேக்காட்டில் சொந்த வீடு. வாரத்தில் மூன்று நாள், வண்டிகளுக்கு உதிரிபாகம் அடிக்கும் ஒரு பட்டறைக்குப் போய் அங்குள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஆவடியில் ரயில் ஏறினால் பட்டரவாக்கம் நான்காவது ஸ்டேஷன். இறங்கி, சாக்கடை மூடி இல்லாத மூன்று இடங்களைத் தாண்டிப் போகவேண்டும்.

பழைய தொழிற்சாலையில் வருடாந்தரக் கணக்கெடுப்பின்போது நான் எண்ணிய அலமாரியை இன்னொருவர் எண்ணமாட்டார். "இவரு எண்ணிட்டாரா? அப்ப விடுங்க" என்று அடுத்த அலமாரிக்குப் போய்விடுவார்கள். பதவி உயர்வு இரண்டு தடவை கைநழுவிப் போனது. நல்ல பெயர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மிஞ்சியது அந்த ஒன்றுதான். நான் நாற்பத்தொன்று என்று சொன்னால் அது நாற்பத்தொன்று.

பட்டறையில் இருக்கும் கம்ப்யூட்டர்களும் நாற்பத்தொன்றுதான். அவற்றுக்கு மாதாமாதம் பேட்ச் வரும். மென்பொருளில் ஓட்டை ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால், அதைச் செய்தவர்களே அனுப்பும் ஒட்டு அது. ஒட்டைப் போட்டபின் கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்து ஏற்ற வேண்டும். அந்த ஒரு தடவைக்கு ஒருவரும் சம்மதிப்பதில்லை. "பிறகு நினைவூட்டு" என்ற பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். டெஸ்பாட்ச் கிளார்க் ஒரே பேட்ச்சை அறுபத்துமூன்று தடவை தள்ளிப்போட்டிருந்தார். பல் துலக்குவதையும் இப்படித் தள்ளிப்போடுவாரோ என்று அவர் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் தோன்றும்.

இது சரிப்படாது என்று ஓர் இலவச மென்பொருளைக் கொண்டுவந்து ஸ்டோர் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஓப்பன் சோர்ஸ் வகை. எங்கெங்கோ இருப்பவர்கள் கூலி வாங்காமல் எழுதியது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். மற்ற கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் தன்னிடம் எந்தப் பேட்ச் இருக்கிறது, எது இல்லை என்று மணிக்கொரு தரம் அதனிடம் சொல்லும். என் திரையில் பெயர்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் போட்டிருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சாப்பாட்டு வேளையில் தானே பேட்ச் போட்டு, அணைத்து ஏற்றவும் அதற்குத் தெரியும்.

பிரஸ் மெஷினில் நிற்கும் ஓர் ஆளுக்கு இது பொறுக்காது.

"இன்னா நைனா, நான் சோறு துன்னுட்டு வர்றதுக்குள்ள என் பொட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கிறே? பேய் பூந்துட்ச்சோன்னு பயந்துட்டேன்."

"பேட்ச் போட்டேன்பா."

"போன மாசந்தானே போட்டே? பஞ்சர் கடைக்காரன்கூட இத்தினி ஒட்டு போடமாட்டான் நைனா. வேற டியூப் மாத்திக்கோன்னுடுவான்."

வைத்த முதல் மாதமே அந்த மென்பொருளில் ஒரு பிழை கண்டேன். பட்டியலில் நாற்பத்தொரு வரி இருந்தது, அடியில் மொத்தம் நாற்பது என்று காட்டியது. அதைச் செய்தவர்களுக்கு எழுதிப் போட்டேன். இரண்டே நாளில், எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாத ஒருவர் அந்த இடத்தைத் திருத்திவிட்டு, பொறுமையாக எண்ணிப் பார்த்ததற்கு நன்றி என்று பதில் எழுதினார். அதை அச்செடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நாற்பத்தொன்றில் ஏழு மட்டும் எப்போதும் சிவப்பு. பெரிய மெஷின்களோடு சேர்ந்து வந்த பழைய கம்ப்யூட்டர்கள் அவை. அவற்றில் ஓடும் சிஸ்டத்துக்குப் பேட்ச் அனுப்புவதை அதைச் செய்த கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. பேட்ச் வராதவற்றுக்குப் போட வேண்டிய பாக்கியும் இருக்காது, அப்படியே விட்டால் பச்சை காட்டும். அதில் ஏமாந்துவிடக் கூடாது, காலாவதியானவற்றைச் சிவப்பாகவே காட்டு என்று நிரலில் தனியாக ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள், அந்த முகம் தெரியாதவர்கள்.

ஏழில் ஒன்று குவாலிட்டி அறையில், அளக்கும் மெஷினோடு இருந்தது. அந்த அறைக்குப் பொறுப்பு ஓர் அம்மாள். திருமுல்லைவாயிலிலிருந்து வருகிறவர், பட்டறையில் பதினேழு வருடம். அளவு சரியாக இருக்கும் சாமானுக்குப் பச்சை அட்டை, தவறாக இருந்தால் சிவப்பு அட்டை, கம்பியால் கட்டிக் கையெழுத்துப் போடுவார். சிவப்பு அட்டையைக் கட்டியவர்தான் அவிழ்க்கலாம். முதலாளியே வந்தாலும் கை வைக்கக் கூடாது என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். நான் அவரிடம், உங்கள் பெட்டி சிவப்பு, வைரஸ் வந்தால் தடுக்க அதில் ஒன்றும் இல்லை, யார் பென் டிரைவ் கொண்டுவந்தாலும் சொருக விடாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். அவரும் விட்டதில்லை.

ஆயுத பூஜைக்குச் சில நாள் இருக்கும்போது எங்கள் பெரிய வாடிக்கைக் கம்பெனியிலிருந்து ஆடிட் என்று கடிதம் வந்தது. கூடவே பதினான்கு பக்கப் படிவம். கம்ப்யூட்டர்களுக்குப் பேட்ச் போட்டிருக்கிறதா என்று பட்டியல் காட்ட வேண்டுமாம். பட்டறை வேலையில் முக்கால்வாசி அவர்களுக்குத்தான் நடக்கிறது. வேலை செய்கிறவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார வைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"சார், அந்த ஏழு சிவப்பு தெரியக்கூடாது."

"அது மெஷினோட வந்த பெட்டி. மாத்தணும்னா மெஷினையே மாத்தணும்."

"ஓப்பன் சோர்ஸ்னு சொன்னீங்களே. யார் வேணா உள்ள போய் மாத்தலாம்னு எனக்கு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தது நீங்கதானே? மாத்துங்க."

"தப்பைத் திருத்தறதுக்குத்தான் சார் அது."

"இதுல என்ன தப்பு? பேட்ச் வந்து நீங்க போடலைன்னா தப்பு. பேட்சே வரலையே. பாக்கி ஜீரோ. ஜீரோ பாக்கின்னா பச்சைதானே? கணக்கு எனக்கு நீங்க சொல்லணும், நான் உங்களுக்குச் சொல்றேன் பாருங்க."

கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னதில் பிசகு இல்லை. அது பொய் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுந்து போகவில்லை. தலையாட்டினேன்.

பூஜை முடிந்து பட்டறை திறந்த அன்று நாற்பத்தொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பொட்டு நெற்றியில் நிற்கட்டும், பென் டிரைவ் சொருகும் துளைக்குள் எதற்கு? விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போய் நிரலைத் திறந்தேன். அந்த வரியைத் தேடப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அதை அழிக்கவில்லை. வரியின் தொடக்கத்தில் ஒரே ஒரு குறி வைத்தால் போதும், அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். வைத்தேன். திரையில் நாற்பத்தொன்றும் பச்சை. போய்க் கை கழுவினேன். குங்குமம் மூன்று தண்ணீர் வரை வந்தது.

வந்த ஆடிட்டர் என் பட்டியலை ஒன்பது நொடி பார்த்தார். சாப்பிட ஐம்பத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். பட்டியலை விரலால் தட்டி, "சூப்பர் சார், எல்லாம் பச்சை" என்றார். எத்தனை வரி என்று எண்ணவில்லை. எண்ணாமல் பாராட்டுகிறவன் வாயிலிருந்து வரும் பாராட்டு, எச்சில் தெறித்தது போல இருந்தது. நான் சிரித்தேன். மேனேஜர் அந்தப் பட்டியலை என் கையெழுத்தோடு கேன்டீன் வாசல் பலகையில் ஒட்டினார்.

மூன்றாம் நாள் குவாலிட்டி அம்மாள் ஸ்டோர் ரூமுக்கு வந்தார்.

"சார், பதினேழாவது வரி என் ரூம் பொட்டி. பச்சை போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"எப்ப பண்ணீங்க? நான் ரூமைவிட்டு நகரவே இல்லையே. அது அணைஞ்சு ஏறலையே?"

மேனேஜர் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். என் குரலில் அது இன்னும் கேவலமாக இருந்தது. "அதுக்குப் பேட்சே வர்றதில்லைம்மா. பாக்கி எதுவும் இல்லை. அதனால பச்சை."

அவர் திரையில் பதினேழாவது வரியின்மேல் விரலை வைத்தார்.

"என் அளக்கற கேஜ் ஒடைஞ்சுபோச்சுன்னு வைங்க. அளக்க முடியாது. அளக்கலைன்னா தப்பும் தெரியாது. அப்ப நான் எல்லாத்துக்கும் பச்சை அட்டை கட்டிடலாமா சார்?"

நான் மவுஸை நகர்த்தி வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"நேத்து மெஷின் சர்வீஸ்காரர் வந்தாரு. பென் டிரைவ் போடணும்னாரு. எப்பவும் முடியாதுன்னுதான் சொல்லுவேன். நேத்து விட்டுட்டேன். பலகையில உங்க கையெழுத்தோட பச்சைன்னு இருந்துது சார். நீங்க எண்ணினதாச்சேன்னு விட்டுட்டேன்."

அவரோடு குவாலிட்டி அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயதில் ஓடுவது போல. முதலில் அந்தப் பெட்டியை மற்றவற்றோடு இணைக்கும் வயரைப் பிடுங்கினேன். பதினேழு வருட அளவுகள் அதில் இருந்தன. வைரஸ் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று ஒன்றேகால் மணி நேரம் சோதித்தேன். ஒன்றும் இல்லை. அதில் என் புண்ணியம் எதுவும் இல்லை. அந்த சர்வீஸ்காரர் சுத்தமான ஆளாக இருந்திருக்கிறார், அவ்வளவுதான். சோதித்து முடிக்கும்வரை அந்த அம்மாள் உட்காரவில்லை.

நான் ஸ்டோர் ரூமுக்குத் திரும்பியபோது பின்னாலேயே வந்தார். கையில் சிவப்பு அட்டையும் கம்பியும் இருந்தன. என் கம்ப்யூட்டரின் பின்புறக் கைப்பிடியில் கம்பியை விட்டு முறுக்கிக் கட்டினார். காரணம் என்ற இடத்தில் "எண்ணிக்கை தவறு" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

அன்றே அந்தக் குறியை எடுத்தேன். முப்பத்துநான்கு பச்சை, ஏழு சிவப்பு. அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, பலகையிலிருந்ததைக் கிழித்துவிட்டு இதை ஒட்டினேன். மேனேஜர் மூச்சு வாங்க வந்தார்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? ஆர்டர் போச்சுன்னா நூத்திப் பன்னெண்டு பேருக்கு நீங்களா பதில் சொல்லப்போறீங்க?" என்று கத்திக்கொண்டே கம்ப்யூட்டரை நோக்கிக் கை நீட்டியவர், அட்டையைப் பார்த்ததும் நின்றார். "இது யாரு கட்டினது?"

"குவாலிட்டி."

நீட்டிய கை சட்டைப் பைக்குள் போயிற்று.

அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே என்றுதான் அந்தப் பதினான்கு பக்கப் படிவத்தை எடுத்தேன். வந்த அன்று பக்கங்களை எண்ணியிருந்தேன், படித்திருக்கவில்லை. பதினோராம் பக்கத்தில், பேட்ச் போட இயலாத கம்ப்யூட்டர்கள் இருந்தால் அவற்றையும் காரணத்தையும் எழுதுக, அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க எடுக்கும் நடவடிக்கையைக் குறிப்பிடுக என்று இருந்தது. கீழே பத்து வெற்றுக் கோடுகள். எங்களுக்குத் தேவைப்பட்டது ஏழு. மூன்று மிச்சம். மேனேஜர் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தார். அவர் கைபட்ட இடத்தில் தாள் வியர்வையில் நைந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

முன்பு காட்டிய பட்டியல் தவறு என்று ஒரு வரி எழுதி, ஏழையும் எழுதி அனுப்பினோம். மிச்சம் ஆறின் வயர்களையும் பிடுங்கிப் பெட்டிகளைத் தனியாக்கினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. கிடைத்தது, ஏழும் தனியாகவே இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஆர்டர் நிற்கவில்லை. மேனேஜர் என்னிடம் பேசாமல் இருந்தது பதினோரு வேலை நாள்.

பதில் வந்த மறுநாள் குவாலிட்டி அம்மாளிடம் போய், "முப்பத்துநாலு பச்சை, ஏழு சிவப்பும்மா. அட்டையை எடுத்துடலாம்" என்றேன்.

"இருங்க சார்" என்று சொல்லிவிட்டு பென்சிலையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அலுவலகம், டெஸ்பாட்ச், பிரஸ், டூல் ரூம் என்று ஒவ்வொரு பெட்டியின் முன்னும் நின்று, பெயரைப் பார்த்து, பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். நான் பின்னால் நடந்தேன். பிரஸ் மெஷின்காரன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"இன்னாக்கா, நைனா எண்ணுனத நீ மறுக்கா எண்ணிகினு கீறே?"

அவர் அடுத்த பெட்டிக்குப் போய்க் கோடு இழுத்தார். அவன் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. அது அவன் வழக்கம் இல்லை.

ஸ்டோர் ரூமில் வந்து முடித்தார். "முப்பத்தி நாலு, ஏழு. சரியா இருக்கு சார்" என்றார். கட்டிங் பிளையரால் கம்பியை வெட்டி, அட்டையைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டு போனார்.

நான் எண்ணியதைப் பார்த்து இன்னொருவர் "சரியா இருக்கு" என்று சொல்லி அதற்கு முன் கேட்டதில்லை. இப்போது மாதாமாதம் கேட்கிறேன். நான் பட்டியலை ஒட்டிய மறுநாள் காலை அவர் பென்சிலோடு வந்து முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். நான் பக்கத்தில் நின்று, அவர் உதடு அசைவதோடு சேர்ந்து மனதுக்குள் எண்ணுவேன். இதுவரை ஒன்பது மாதம் ஆகிறது.