இன்னும் கட்டமாகத்தான் இருக்கிறது

இன்று எங்கள் எஸ்டேட் தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்தேன். கணினியில் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாக நின்றன.

மந்தின் டவுனில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டேன்.

"எழுத்தச் சேத்து வைக்கிற ஃபாண்ட் கேஷ் ஃபைல் கெட்டுப் போயிருக்கும்கா. அத அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன் லா."

அழித்தேன். கணினி மெதுவாக எழுந்தது. காத்திருந்த நேரத்தில் கடைக்காரர் கேட்டார்: "சாப்ட்டாச்சாக்கா? அங்கயும் மழையா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் நீலாய்க்குக் குடிபோன பிறகு, என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை.

திரையில் அம்மன் பெயர் பளிச்சென்று வந்தது.

"சரியாயிருச்சாக்கா?"

"இல்ல தம்பி, இன்னும் கட்டமாத்தான் இருக்கு."

"பரவால்லக்கா, இன்னொருவாட்டி செஞ்சு பாப்போம்."

கணினி தெரிந்தவர்களே, சரிசெய்ய ரொம்ப நேரம் பிடிக்கும் கோளாறு வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நாளைக்கு வேண்டும்.