தண்ணீர் கலந்த மருந்து

வீரலட்சுமி அக்கா நிம்மதியாகத் தூங்கி யாராவது பார்த்திருந்தால் என்னிடம் வந்து சொல்லலாம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடுவார். அது தூக்கமில்லை, கண்ணைத் திறந்து வைத்திருக்கக்கூட அலுப்பு. விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கல்யாணமான கையோடு புருஷன் தங்கதுரையுடன் ஓசூருக்கு வந்துவிட்டார். தங்கதுரை அண்ணன் இரும்பு வார்க்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். அக்கா எங்கள் களிம்புக் கம்பெனியில் மிக்ஸிங். நான் பக்கத்து அறையில் டியூப் அடைக்கிறவள்.

களிம்பு செய்வதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மெழுகும் எண்ணெயும் ஒரு பாத்திரத்தில் உருகும். பெரிய டேங்கில் தண்ணீர் சுடும். இரண்டையும் ஒன்றாக விட்டு மெஷின் கடைந்தால், ஒட்டவே ஒட்டாத இரண்டும் வெள்ளை வெளேரென்று திரண்டு வரும். சூடு தணிந்ததும் சின்னக் கேனில் வரும் கிராம்பு எண்ணெயும் லெமன் கிராஸ் எண்ணெயும் கொஞ்சம் விடுவார்கள். தோல் சிவந்து தடித்தாலோ, சிராய்த்தாலோ தடவுவதற்கு.

தொப்பி எப்படிப் போடுவது, நகம் எப்படி வெட்டுவது, கையுறையை எப்படிக் கழற்றுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். எதற்கு இத்தனை தண்ணீர் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்லாவிட்டால் ஆட்கள் தாங்களாகவே ஒன்றை முடிவுகட்டிக்கொள்ள மாட்டார்களா? பால்காரன் எதற்குத் தண்ணீர் ஊற்றுவான், அதற்குத்தான் முதலாளியும் ஊற்றுகிறார் என்று மிக்ஸிங் ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். பேக்கிங்கில் நாங்கள் ஆசையாகத் தடவிக்கொள்ளும் களிம்பை அவர்களில் ஒருவர்கூடத் தொடுவதில்லை.

"ஒனக்கென்ன தெரியும் பொற்கொடி? தண்ணி ஊத்துறது நாங்கதானே," என்பார் அக்கா.

இந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு சேஃப்டி ஷூ கடித்துச் சுண்டுவிரலில் புண் வந்தது. ஏற்கனவே சர்க்கரை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்து, ஆறும்வரை ஷூ போடக்கூடாது என்று அனுப்பினார்கள். ஷூ போடாமல் அந்தக் கம்பெனிக்குள் கால் வைக்க முடியாது. அதிக நாள் வீட்டில் இருந்தால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவான். புண் சீக்கிரம் ஆற வேண்டும், அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. சமையல், வேலை, கட்டு மாற்றுவது, மறுபடி சமையல் என்று ஆள் பாதியாகிவிட்டார்.

"சௌமியா மேடத்த ஒரு வார்த்த கேளேன்க்கா," என்றேன். சௌமியா எங்கள் சூப்பர்வைசர், கெமிஸ்ட்ரி படித்த பெண்.

"அவுக என்ன சொல்லுவாக? நம்ம களிம்பையே போடும்பாக. அதுல எம்புட்டுத் தண்ணின்னு எனக்குத் தெரியாதா?"

தூக்கிப்போட வைத்திருந்த கேன்களைக் கவிழ்த்து, அடியில் நின்ற கிராம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஒரு மருந்துக் குப்பியில் சேர்த்தார். அதைப் பஞ்சில் நனைத்துப் புண்ணில் வைத்து, மேலே கட்டுப் போட்டார்.

மறுநாள் பஸ்ஸில் அக்கா கண்ணை மூடவில்லை. என் தொடையில் தட்டிச் சிரித்தார். "அவுகளுக்கு எரியவே இல்லையாம்டீ. அசல்னா அசல்தான்." அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதே எண்ணெய் ஒரு சொட்டு மணிக்கட்டில் தெறித்து நான் துள்ளியிருக்கிறேன். அண்ணனுக்கு மட்டும் ஏன் எரியவில்லை என்று எனக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை.

எரியவில்லை என்பதால் தினமும் வைத்தார். விரல் வெளுத்தது. புண் காய்கிறது என்று நினைத்தார். பிறகு கறுத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

அண்ணனை உள்ளே கொண்டுபோன பிறகு, "என்ன வெச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். அக்கா ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. அவருக்கும் அன்றைக்கு நின்று நின்று கால் வலித்திருக்கும்போல, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சுகர்ல கால் மரத்துப்போச்சும்மா. நெருப்ப வெச்சாலும் அவருக்குத் தெரியாது."

வேலைக்குத் திரும்பிய அன்று அக்காவே சௌமியாவிடம் போய் நடந்ததைச் சொல்லி, களிம்பில் எதற்கு இத்தனை தண்ணீர் என்று கேட்டார். அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி ஏமாத்து இல்லக்கா. அந்த எண்ணெயப் பொடிப்பொடியாப் பிரிச்சு, தோலு தாங்குற அளவுக்குக் கொண்டுபோறதே அதுதான். அப்படியே வெச்சா வெந்துடும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே."

அக்கா சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

"ஏ புள்ள, அந்தக் கிராம்பெண்ண மிச்சமிருந்தா இதுக்கும் வையேன். அது கொஞ்சங்கூட எரிச்சலில்லாம இருந்துச்சு," என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்தார். "அதாலதாங்க வெரலு போச்சு," என்றார். டாக்டர் சொன்னது, சௌமியா சொன்னது, தான் செய்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அண்ணன் குனிந்து கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பிறகு, "விடு, நீயா வேணும்னு செஞ்ச?" என்று சொல்லி இன்னொரு காலை அக்கா மடியில் தூக்கி வைத்தார். "மரத்தது அந்தக் காலுதான். இது நல்லாத்தான் இருக்கு. கிள்ளிப் பாரு."

அக்கா கட்டைவிரலைப் பிடித்துக் கிள்ளினார். நகம் சதையில் பதிவதை நான் பார்த்தேன்.

அண்ணன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, சும்மா இருக்க? கிள்ளேன்," என்றார்.