உதாரணத்துக்கு எழுதிய காரணம்

யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் மென்பொருள்களுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதுவது என் பிழைப்பு. முன்பு மனிதர்கள் படிப்பதற்காக எழுதினேன், ஒருவரும் படித்ததில்லை. இப்போது ஏஐ வந்திருக்கிறது. வரி விடாமல் படித்து, வேலையையும் தானே முடித்துவிடுகிறது. கடைசியில் எனக்கும் ஒரு வாசகர் கிடைத்துவிட்டார் என்று கொஞ்சம் தலைக்கனமாகவே திரிந்தேன்.

அடையாற்றில் எங்கள் குடியிருப்பின் கேட்டுக்கும் ஒரு ஏஐ வைத்தார்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், டிரைவர்கள் எல்லோருக்கும் பாஸ் கொடுப்பதும் ரத்து செய்வதும் அதன் பொறுப்பு. “நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்டாச்சே மேடம், அதுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுத்துடுங்க” என்றார் சங்கச் செயலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி டேப்லெட்டில் படிக்க வேண்டுமே என்று தமிழிலேயே எழுதினேன். வீடு காலியானால் அந்த வீட்டின் பேரில் உள்ள பாஸ்களை ரத்து செய். காரணத்தைக் கட்டாயம் குறிப்பிடு. காரணம் என்றால் என்ன என்று அது முழிக்கக் கூடாதென்று ஆளுக்கொரு உதாரணமும் கொடுத்தேன். டிரைவருக்கு, ‘வேலையை விட்டுவிட்டார்’. வாடகைக்கு இருப்பவருக்கு, ‘வேறு ஊருக்கு மாற்றல்’. வீட்டு வேலை செய்பவருக்கும் ஒன்று எழுதினேன். பிரமாதம் என்றார் செயலாளர்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா இதே குடியிருப்பில் இன்னும் சில வீடுகளிலும் வேலை செய்கிறார். ஆற்றோரம் இருந்த வீட்டை அரசு இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகும் பஸ் மாறி மாறி வருகிறார். எத்தனை வீட்டில் வேலை பார்த்தாலும் முதலில் சேர்ந்த வீட்டின் பேரில்தான் பாஸ் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், எனக்கும் தெரியும். ஆனால் குறிப்பில் எழுதத் தோன்றவில்லை. அவருடைய அந்த முதல் வீட்டுக்காரர்கள் போன மாதம் நங்கநல்லூருக்குக் குடிபோனார்கள்.

மறுநாள் காலை இன்டர்காம் அடித்தது. கீழே ஓடினேன். செக்யூரிட்டியின் மேசைமேல் அக்காவின் பை கவிழ்ந்து கிடந்தது. டிபன் டப்பா, ஒரு நைட்டி, மாத்திரை அட்டை, மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர்கள். ஸ்கூல் வேனுக்காகப் பிள்ளைகளோடு நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் இன்னா மேடம் பண்றது? இதுல போட்டுக்கீது” என்று செக்யூரிட்டி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். பாஸ் ரத்து. காரணம்: திருட்டுப் புகார்.

என் உதாரணம். ஓர் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. குடிபோன வீட்டின் வேலையாளுக்கு என்ன காரணம் எழுதுவதென்று நான் சொல்லியிருக்கவில்லை. வேலையாளுக்கென்று இருந்த ஒரே உதாரணத்தை அது எடுத்துப் போட்டுவிட்டது.

“யம்மா, நீயே சொல்லு. எந்த வூட்ல நான் இன்னா எட்த்தேன்?” அக்கா என் பக்கம் திரும்பினார். “இத்தினி வருசமா வந்துகினு கீறேன். ஒரு கிண்ணம் காணோம்னு யாராச்சும் சொல்லிக்கீறாங்களா?”

“கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுடுச்சுக்கா” என்றேன். செயலாளரும் வந்து, “இந்த ஏஐயே இப்படித்தான், இஷ்டத்துக்கு அடிச்சு விடும்” என்றார். நானும் தலையாட்டினேன். நல்லவேளை, பழியைப் போட ஒன்று கிடைத்தது என்று அந்த நேரத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

“அது போய் என்னை ஏன் அப்டி சொல்லணும்?” என்று அக்கா என்னையே பார்த்துக் கேட்டார்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “நான்தான்க்கா எழுதினேன். உங்களுக்குன்னு இல்ல. சும்மா, உதாரணத்துக்கு.”

அக்கா மேசைமேல் கிடந்த டப்பா, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். டிரைவர் வேலையை விடுவார், வாடகைக்காரர் மாற்றலில் போவார், வீட்டு வேலை செய்பவர் மட்டும் திருடிவிட்டுத்தான் போவாரா? யோசித்து எழுதியிருந்தாலாவது ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். யோசிக்காமலே கையில் வந்துவிட்டது.

அன்றே குறிப்பைத் திருத்தினேன். ரத்து செய்யும் முன் வேறு வீட்டில் வேலை இருக்கிறதா என்று பார். இருந்தால் பாஸை அங்கே மாற்று. காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. உதாரணத்தை எடுத்து ஒட்டாதே. ஏஐ உடனே திருந்திவிட்டது. தப்பு என்னுடையது என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். கைகூப்பும் பொம்மைகள் வந்தன. அதன் பிறகு யாரோ தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டார்கள்.

அக்கா வேலையை விடவில்லை. அவரால் விட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து, கிளம்பும்போது வாசலில் நின்று பையை அகலத் திறந்து என் முன்னால் நீட்டுகிறார்.

“வேணாம்க்கா, ப்ளீஸ்.”

“இருக்கட்டும்மா, பாத்துக்கோ. அப்பால பேச்சு வரக்கூடாது.”

முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன். நேற்றும் என் கண் பைக்குள் போய்விட்டு வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டார்.